டெஸ்டர் விளக்கு முதல் பிளாஸ்மா திரை வரை

மின்பணியாளர் ஒருவரின் சட்டைப்பையில் எழுதுகோல் இருக்குமோ இராதோ, டெஸ்டர் கட்டாயம் இருக்கும். ஒளி ஊடுருவும் பிடியையுடைய சிறு திருப்புளி அது. அதன் நுனியை மின்முனையில் வைத்து, பிடியின் தலையிலுள்ள உலோகத்தை விரலால் தொட்டால், உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஓர் ஒளி மினுக்கும். மின்சாரம் உண்டு என்பதற்கு அதுவே சான்று. தியாகராயநகர்க் கடைகளில் ஒரு காலத்தில் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற பிளாஸ்மா தொலைக்காட்சியும் இந்த டெஸ்டரும் ஒரே குலத்தவை என்றால் நம்புவது அரிது. ஆயினும் உண்மை அதுவே.

தமிழாசிரியனாகிய நான் இதனை அறிய நேர்ந்தது என் தந்தையார் வாங்கிய ஒரு பெட்டியால். பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, 2009ஆம் ஆண்டில், அத்தா 42 அங்குலப் பிளாஸ்மா தொலைக்காட்சி ஒன்றை வாங்கினார்கள். ஏழாண்டுகள் அது குறையின்றி ஓடியது. அதன்பின் ஒரு நோய் கண்டது. விடியற்காலையில் செய்தி கேட்க இயக்கினால், படத்தின் இருண்ட பகுதிகளில் மணல் இறைத்தாற்போல் வண்ணப் புள்ளிகள் தோன்றித் துடிக்கும். பத்து நிமிடங்களில் தாமே மறையும். மாலையில் மீண்டும் இயக்கினால் அவ்வளவாக இரா. இரவெல்லாம் ஓய்வெடுத்த பெட்டிதான் நன்றாக இயங்க வேண்டும் என்பது அத்தாவின் வாதம். ஓய்வே நோயாக இருந்ததை அப்போது எவரும் அறியவில்லை.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலிருந்து ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்து வந்தேன். இளைஞர். பெட்டியின் பின்மூடியைக் கழற்றியதும் அவர் சொன்ன முதற்சொல், "சார், கிட்ட வராதீங்க. பிளக்கை எடுத்தாலும் உள்ளே இருநூறு வோல்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்" என்பது. கண்ணாடித் தகட்டின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் சில மின்னழுத்த எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்து, மீட்டரை வைத்து அளந்து, மின்வழங்கிப் பலகையிலிருந்த மிகச் சிறிய திருகு ஒன்றைக் கடுகளவு திருப்பினார். சில வோல்ட்டுகள் ஏறின. மறுநாட் காலையில் புள்ளிகள் இல்லை.

"எதனால் சரியானது?" என்று கேட்டேன். "அது தெரியாது சார். பேனலுக்கு வயசானா வோல்ட்டை ஏத்தணும். மாமா சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். நீங்க காலேஜ் வாத்தியார்தானே, நீங்கதான் சொல்லணும்" என்றார். அந்தச் சொல் என்னை விடவில்லை. இயற்பியல் துறை நண்பரிடம் பல மாலைகள் அமர்ந்து கேட்டறிந்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

டெஸ்டரிலிருந்தே தொடங்குவோம். அதன் பிடிக்குள் கடலைப்பருப்பு அளவுள்ள ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதனுள் இரு உலோகக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. எஞ்சிய இடத்தில் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. நம் உடல்வழியே பாயும் மின்னோட்டம் தீங்கு செய்யாதிருக்கப் பத்து இலட்சம் ஓம் அளவிலான ஒரு மின்தடையும் உடன் உண்டு. இந்தக் குமிழில் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சாதாரணக் குண்டு விளக்கைப்போல மெல்லச் சிவந்து பிரகாசம் பெறுவதில்லை. பத்து வோல்ட்டிலும் இருள், ஐம்பதிலும் இருள். அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடையே ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒரே கணத்தில் ஒளிர்கிறது. மின்சாரத்தைக் கடத்தாத வாயு அந்த எல்லையில் கடத்தியாக மாறுகிறது. இதற்கு நம் பாடநூல்கள் வழங்கும் பெயர் மின்முறிவு.

இச்சொல்லில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. ஆங்கிலச் சொல்லை நோக்கி ஆக்கியதால் முறிவு வந்து சேர்ந்தது. மின்பொறியாளர் நோக்கில் அது பொருத்தமே. சாந்தோம், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று பீங்கான் காப்பான்களின் மேல் படிந்து, மழைத் தூறலில் அவை கிர்ரென இரைவதைக் கேட்டிருப்போம். அங்கே மின்முறிவு பகை. அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உயர் மின்னழுத்த ஆய்வகம் போன்ற இடங்களில் அதனை ஆராய்வோர் பெரும்பாலும் அதைத் தடுக்கும் வழியையே தேடுகின்றனர். ஆனால் டெஸ்டருக்குள் முறிவது எதுவுமில்லை. அங்கே நிகழ்வது பெருக்கம். கலைச்சொல் அகராதிகளுக்காக வாழ்நாளைச் செலவிட்ட மணவை முஸ்தபா போன்றோர் உழைத்த மொழியில், இதற்கு இன்னும் நல்ல சொல் ஒன்று பிறக்க இடமிருக்கிறது.

பெருக்கம் எவ்வாறு நிகழ்கிறது? வாயுவில் எங்கேனும் ஓர் எலக்ட்ரான் தனித்து நிற்பதாகக் கொள்வோம். மின்புலம் அதனை நேர்மின்வாயை நோக்கி ஈர்க்கிறது. ஓடும் வழியில் அது வாயு அணுக்களோடு மோதுகிறது. போதிய விரைவு பெற்றிருந்தால், மோதிய அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெயர்த்துவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பத்து முறை இரட்டித்தால் 1,024. எலக்ட்ரானை இழந்த அணுக்கள் நேர் அயனிகளாக எஞ்சுகின்றன; அவை 1,023. ஆங்கிலத்தில் இதனைப் பனிச்சரிவுக்கு ஒப்பிடுவர். பனி காணாத நமக்கு, மாம்பலம் இரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் இரங்கநாதன் தெருவுக்குள் புகும் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் இவ்வளவோடு விளக்கு எரியாது என்பதே இதில் நுட்பமான இடம். கூட்டம் நேர்மின்வாயைச் சேர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். தொடர்ந்து எரிய வேண்டுமானால், முதலில் ஓடிய அந்த ஒற்றை எலக்ட்ரானுக்கு ஒரு வாரிசு எதிர்மின்வாய்ப் பக்கம் பிறக்க வேண்டும். அதனைப் பிறப்பிப்பவை அயனிகள். அவை எதிர்த்திசையில் மெல்ல நகர்ந்து எதிர்மின்வாயின் மேற்பரப்பை அடையும்போது, அங்கிருந்து எலக்ட்ரானை வெளியேற்றுகின்றன. இதனை இரண்டாம் நிலை எலக்ட்ரான் உமிழ்வு என்பர். ஆயிரம் அயனிகளுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற அளவில் உமிழும் சுவராயின், மேற்சொன்ன 1,023 அயனிகள் ஒரு வாரிசைத் தந்துவிடும். சுடர் தானே நிலைபெறும். ஒன்பது முறை மட்டுமே இரட்டிக்க முடிந்தால் அயனிகள் 511தான், வாரிசு ஐயத்துக்குரியது, விளக்கு எரியாது. டெஸ்டரின் எல்லைக்கோடு இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை வகுத்துக் காட்டியவர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய அயர்லாந்து அறிஞர் ஜான் டவுன்செண்ட்.

அவருக்கு முன்பே, 1889இல், ஜெர்மானியரான பாஷென் ஒரு விதியைக் கண்டிருந்தார். வாயுவின் அழுத்தத்தையும் மின்வாய்களுக்கிடையேயான தொலைவையும் பெருக்கி வரும் தொகையே மின்முறிவுக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்பது அது. அத்தொகை மிகுந்தால் மோதல்கள் நெருங்கி, எலக்ட்ரான் விரைவு கூட்ட இடமின்றித் திணறும். மிகக் குறைந்தாலோ மோதுவதற்கு அணுக்கள் கிட்டா. இடையில் ஓரிடத்தில் மின்னழுத்தம் மீச்சிறு அளவை எட்டும். காற்றுக்கு அந்த அளவு ஏறத்தாழ 330 வோல்ட். வெளியில், நாம் மூச்சுவிடும் காற்றில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும்.

வீட்டுக் குழல் விளக்கிலும் இதே நாடகம்தான். சுவரிலிருந்து எலக்ட்ரானைப் பெறும் வழி மட்டும் வேறு. அதன் இரு முனைகளிலுமுள்ள இழைகளின்மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் முதலியவற்றின் ஆக்சைடுகள் பூசப்பட்டிருக்கும். இழை சூடேறினால் அப்பூச்சு எலக்ட்ரான்களை ஆவிபோல் வெளியிடும். ஸ்டார்ட்டர் அந்த இழைகளைச் சூடாக்குகிறது, சோக் ஓர் உதை கொடுக்கிறது, குழல் எரிகிறது. கோடைக்கால இரவுகளில் மின்னழுத்தம் தாழ்ந்து, சென்னை வீடுகளில் குழல் விளக்குகள் கண்சிமிட்டியபடியே இருந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். பூச்சு தேய்ந்து முனைகள் கறுத்த குழலும் அவ்வாறே சிமிட்டும். நல்ல மின்சாரம் இருந்தும் எரியாமைக்குக் காரணம் வாயுவன்று, எலக்ட்ரானை ஈனும் ஆற்றலை இழந்துவிட்ட பூச்சு.

வாயு ஒளிரும்போது காட்டும் நிறம் அதன் கையொப்பம். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரில் முகாமிட்டார். சூரியனின் விளிம்புச் சுடரில் மஞ்சட்கோடு ஒன்று பதிவான கிரகணம் அது. அக்கோட்டுக்குரிய புதிய தனிமத்திற்குப் பின்னர் ஹீலியம் என்று பெயரிட்டனர். மண்ணுலகில் அதனை 1895இல் கண்டவர் வில்லியம் இராம்சே. அவரும் டிராவர்சும் 1898இல் நியானையும் செனானையும் கண்டனர். கிரேக்க மொழியில் நியான் என்றால் புதியது. செனான் என்றால் அயலான். இவ்விரு பெயர்களையும் நினைவில் இருத்துக. பிளாஸ்மா திரையின் கதை முழுவதும் இந்தப் புதியதற்கும் அயலானுக்கும் இடையே நடப்பது.

1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, இராபர்ட் வில்சன் ஆகிய மூவர் முதற் பிளாஸ்மா திரையை உருவாக்கினர். பொழுதுபோக்குக்காக அன்று, கணிப்பொறிவழிப் பாடம் கற்பிக்கும் பிளேட்டோ என்னும் திட்டத்தின் மாணவர்க்காக. அவர்களது திரையும் டெஸ்டரைப்போலச் செம்மஞ்சளாகவே ஒளிர்ந்தது. அவர்கள் செய்த புதுமை, மின்வாய்களை வாயுவிலிருந்து கண்ணாடியால் மறைத்தது. மறைத்ததனால் மின்னேற்றம் வெளியேற வழியின்றிக் கண்ணாடிச் சுவரில் தேங்கியது. தேங்கியது முதலில் சுடரை அணைத்துவிடும். ஆனால் மின்திசை மாறியதும் அதே தேக்கம் வெளி மின்னழுத்தத்தோடு சேர்ந்துகொண்டு மீண்டும் சுடரை ஏற்றும். எனவே, ஒருமுறை எரிந்த அறை தொடர்ந்து எரியும். எரியாத அறை, அதே மின்னழுத்தத்தில் இருந்தும், எரியாது. சுவருக்கு நினைவாற்றல் வந்துவிட்டது!

வண்ணத் திரை இதன் வளர்ச்சி. ஜப்பானின் புஜிட்சு நிறுவனத்தில் சுடே ஷினோடா தலைமையிலான குழு 1992இல் 21 அங்குல முழுவண்ணத் திரையைக் கொணர்ந்தது. அந்தப் பத்தாண்டிலேயே 42 அங்குலத் திரைகளும் சந்தையை எட்டின. இரு கண்ணாடித் தகடுகள். இடையே ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அளவேயான இடைவெளி. அவ்விடைவெளி நுண்ணிய தடுப்புகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அத்தாவின் பெட்டி குறுக்கே 1,024 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் கொண்டது. புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அறைகள். பெருக்கிப் பார்த்தால் 23,59,296. அத்தனை இலட்சம் டெஸ்டர்கள் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன.

இவ்வறைகளில் பெரும்பங்கு நியானும் சிறுபங்கு செனானும் நிரப்பப்பட்டுள்ளன. ஒளிக்கு வேண்டியது செனான். அது கிளர்ச்சியுற்று, நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வீசுகிறது; அக்கதிர் அறைச்சுவரில் பூசிய ஒளிரிப் பொடிகளில் பட்டு நிறமாகிறது. செனான் மிகுந்தால் வெளிச்சம் மிகும். அவ்வாறாயின் செனானை மட்டுமே நிரப்பிவிடலாகாதா?

இங்கேதான் சுவர் குறுக்கிடுகிறது. 1970களிலேயே முன் கண்ணாடியின் உட்புறத்தில் மக்னீசியம் ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசத் தொடங்கிவிட்டனர். அயனிகளின் அடியைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. தாராளமாக எலக்ட்ரானை ஈனும் குணமும் உண்டு. ஆனால் அத்தாராளம் எல்லார்க்கும் அன்று. சுவரை அணுகும் அயனி முதலில் தனக்கென ஓர் எலக்ட்ரானைப் பறித்து நடுநிலை பெறுகிறது. அப்போது மிஞ்சும் ஆற்றலை மற்றோர் எலக்ட்ரானுக்கு அளித்தால்தான் அது சுவரைவிட்டு வெளியே குதிக்கும். மக்னீசியம் ஆக்சைடிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெயர்க்க எட்டு எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும். பறிக்கப்படுவதற்கு ஒரு பங்கு, குதிப்பதற்கு ஒரு பங்கு என இருமடங்கு தேவை. நியான் அயனியின் கைம்முதல் 21.6, செலவு போக மீதி நிற்கும். செனானின் கைம்முதல் 12.1, முதற்செலவிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். எனவே ஒரு சில நியான் அயனிகளுக்கு ஓர் எலக்ட்ரான் என ஈனும் அதே சுவர், செனானுக்குக் கையை விரித்துவிடுகிறது. அயலானைப் பெருக்கினால் வெளிச்சம் வரும், வாரிசு வராது. வாரிசு வேண்டி மின்னழுத்தத்தை ஏற்றினால் மின்சாரம் வீணாகும், சுற்றுகளின் விலை ஏறும். பத்துக்குச் சற்று முன்பின்னாகச் செனானின் விழுக்காட்டை வைத்துக்கொண்டு, அறிஞர்கள் இருபதாண்டுகள் இந்த இழுபறியோடு போராடினர். அவ்வளவு போராடியும் ஒரு வாட்டுக்குப் பிளாஸ்மா திரை தந்த ஒளி, குழல் விளக்கு தருவதில் மிகச் சிறு பங்கே.

இனி அத்தாவின் விடியற்காலைப் புள்ளிகளுக்கு வருவோம். இவ்வளவு நேரமும், "எங்கேனும் ஓர் எலக்ட்ரான் தனித்து நிற்பதாகக் கொள்வோம்" என்ற ஒரு வாக்கியத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். அந்த முதல் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது? மண்ணின் கதிரியக்கமும் விண்கதிர்களும் நம்மைச் சூழ்ந்த காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழப் பத்து எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. திரையின் ஓர் அறையோ மணற்பொடியளவு. இயற்கை அருளும் என்று காத்திருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். திரையின் மின்சுற்று ஓர் அறைக்கு ஒதுக்கும் நேரமோ ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு! அதற்குள் முதல் எலக்ட்ரான் தோன்றாவிடில் அந்த அறை தன் முறையைத் தவறவிடும். தவறிய அறைகளும் தவறாகத் தூண்டப்பட்ட அறைகளுமே திரையில் புள்ளிகளாகத் தெரிபவை. டெஸ்டரின் குமிழுக்கும் இக்குணம் உண்டு. முழு இருட்டில் வைத்தால் அது எரியத் தாமதிக்கும். சில நியான் குமிழ்களில் இதற்காகவே கடுகினும் சிறிய அளவில் கதிரியக்கக் கிரிப்டானைக் கலந்தனர்.

பிளாஸ்மா திரையில் அந்த உதவியையும் மக்னீசியம் ஆக்சைடே செய்கிறது. அப்படிகத்தின் குறைபாடுகள் சிறு பொறிகளாக எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சுடரும் அப்பொறிகளை நிரப்புகிறது. சுடர் அணைந்தபின் அவை ஒவ்வொன்றாகக் கசிகின்றன. கசிந்த எலக்ட்ரானே அடுத்த சுடருக்கு வித்து. இரவு முழுவதும் அணைந்து கிடந்தால் பொறிகள் வற்றிவிடும். விடியலில் வித்துக்கு அலையும் அறைகள் தாமதிக்கும். மீண்டும் மீண்டும் சுடர்ந்து, பொறிகள் நிரம்பி, தகடும் சூடேறியபின் ஒழுங்குக்கு வரும். புதுப் படலம் வித்தை எளிதில் வழங்கும். பல்லாயிரம் மணி நேரம் அயனிகளின் அடிபட்டுத் தேய்ந்த படலம் வழங்கத் தயங்கும். மின்னழுத்தம் சிறிது ஏறினால், பெருக்கம் விரைவுபட்டுத் தாமதம் ஈடாகும். பழுதுபார்த்தவர் திருப்பிய திருகு செய்தது இதுவே.

இத்தனையும் திரண்ட அறிவாகக் கைவந்த வேளையில் அத்தொழிலே முடிவுக்கு வந்தது. பானாசோனிக் 2013இன் இறுதியில் பிளாஸ்மா தகடு செய்வதை நிறுத்தியது; சாம்சங்கும் எல்ஜியும் 2014இல் தொடர்ந்தன. நீர்மப் படிகத் திரைகள் விலையால் வென்றன. உசுமான் சாலைக் கடைகளில் இப்போது பிளாஸ்மா என்று கேட்டால் விற்பனைப் பையன்கள் விழிப்பார்கள்.

கற்றுக்கொண்டதைச் சொல்ல ஒரு நாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். அவரது கடையின் பரணில் பழைய மின்வழங்கிப் பலகைகள் அடுக்கப்பட்டிருந்தன. புதியவை வாரா என்பதால் சேர்த்து வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்த்தித் தேநீர் வரவழைத்தார். சுவரையும் வாரிசையும் வித்தையும் பற்றி நான் தமிழில் சொல்லச் சொல்ல, கையிலிருந்த பற்றவைப்புக் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ வோல்ட்டை ஏத்தினா, அயனி இன்னும் வேகமா அடிச்சு, அந்தப் பூச்சு இன்னும் சீக்கிரம் தேயுமா சார்?"

தேயும் என்றேன். இந்தக் கேள்வியை இயற்பியல் நண்பரிடம் நான் கேட்டிருக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் விடை எனக்கே விளங்கிற்று. அவர் பரணை நிமிர்ந்து பார்த்தார். இதுவரை ஏற்றிவைத்த பெட்டிகளில் பாதிக்கு இரண்டு வோல்ட் குறைத்தே வைத்திருக்கலாம் என்றார்.